மாசியில் இங்கே அறை கிடைக்காது

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் மீண்டும் லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கியதால் முதல் வரி பொய்த்துவிட்டது. 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் கரைபுரண்டபோது இரண்டாவது வரியும் கொஞ்ச காலத்துக்காவது பொய்த்தது. கோட்டையில் ராஜா இன்றும் இல்லை; மலையைப் பற்றிச் சொன்னதும், ஜவ்வாது மலையை விட்டுவிட்டுப் பார்த்தால், இன்றும் ஏறக்குறைய உண்மைதான். ஊரைச் சூழ்ந்த குன்றுகள் பாறையும் முட்புதருமாகவே நிற்கின்றன. இங்கே நல்ல மரம் பார்க்க வேண்டுமென்றால் குன்றை விட்டு இறங்கி, சாலையோரப் புளியையும் தோட்டத்து மாவையும் தேடி வரவேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு புளியமரத்தின் மேல் கட்டப்பட்ட அறையில் தை மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் தங்கினோம். கட்டடங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுவது என் தொழில். ஆகவே மற்றவர்கள் இத்தகைய இடங்களில் சூரிய உதயத்தைப் படமெடுக்கும் நேரத்தில் நான் அறையின் தளத்துக்கு அடியில் நின்று ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதியின் பெயரை எழுதப்போவதில்லை. இது விளம்பரமன்று, குறைகளும் சொல்ல இருக்கின்றன.

காட்பாடியிலிருந்து சேர்க்காடு வழியாக வள்ளிமலை செல்லும் சாலையை விட்டு உட்புறம் திரும்பும் ஒரு மண்பாதையின் முடிவில் மாந்தோப்பு இருக்கிறது. தோப்பின் மேற்கு எல்லையில், மாடு பூட்டி நீர் இறைத்த பழைய கவலைக் கிணற்றை ஒட்டி இரண்டு புளியமரங்கள். பெரியது தம் பாட்டனார் காலத்தது என்கிறார் உரிமையாளர். அடிமரத்தின் சுற்றளவைப் பார்த்தால் நம்பலாம். அதன் மேல், தரையிலிருந்து சுமார் 20 அடி உயரத்தில் அறை. சென்னையிலிருந்து வந்த ஒரு கட்டடக்கலைத் தம்பதியர் வடிவமைத்தது. சதுரமோ வட்டமோ இல்லை. மரம் கவை விட்டுப் பிரியும் விதத்தைப் பின்பற்றி ஆறு சமமற்ற பக்கங்களாகத் திரும்பித் திரும்பிச் செல்கிறது. எந்த இரண்டு சுவர்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பெருங்கிளைகள் மூன்றில் இரண்டு வெளியே ஒதுங்கிப் போகின்றன. மூன்றாவது, தரைப்பலகையைத் துளைத்து ஏறி, கட்டிலின் தலைமாட்டுக்கு அருகே சாய்ந்து, கூரை வழியே வெளியேறுகிறது.

ஆறு பக்கம் என்பதைக் கேட்டதும் எனக்கு ஐயம் வந்தது. கோணல் வடிவங்களில் பாதி, பார்ப்பவரை வியக்கவைக்கவே வரையப்படுகின்றன. ஆனால் அடியிலிருந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. ஒரு கிளையைக்கூட வெட்டாமல் அறையை நுழைக்க வேண்டும் என்பது உரிமையாளர் விதித்த நிபந்தனை. அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டால் இந்த மரத்தில் சதுர அறைக்கு இடமே இல்லை.

மரத்தின் மேல் வீடு கட்டுவோர் பலரும், மரத்துக்கு வலிக்குமே என்று அஞ்சி ஆணியைத் தவிர்த்துவிட்டுக் கயிற்றாலும் இரும்புப் பட்டையாலும் அடிமரத்தைச் சுற்றிக் கட்டுகிறார்கள். இரக்கத்தால் செய்யப்படும் கொலை அது. மரத்தின் உயிர் இருப்பது பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கில். இலைகள் சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். மரம் ஆண்டுதோறும் பருக்கும், கட்டிய பட்டை பருக்காது. சில ஆண்டுகளில் அது பட்டைக்குள் புதைந்து அந்த வழியை நெரித்துவிட, வேர் பட்டினி கிடந்து மரம் மேலிருந்து காயத் தொடங்கும். மாறாக, ஓரிடத்தில் ஆழமாக ஒரு துளையிட்டால், மரம் அந்தக் காயத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர்போன்ற திசுக்களை எழுப்பி, அழுகல் பரவாமல் அங்கேயே அடைத்துவைத்துவிட்டு வளர்ந்துகொண்டு போகும். இதை விரிவாக ஆராய்ந்து விளக்கியவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. அந்த அறிவின் துணையோடு ஒரேகான் மாநிலத்தில் மைக்கேல் கார்னியர் போன்ற மரவீட்டுக் கட்டுநர்கள் 1990-களில் ஒரு தனிவகைத் திருகாணியை உருவாக்கினார்கள். நடுவில் தடித்த கழுத்து கொண்ட, ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட விட்டமுள்ள எஃகுத் தண்டு அது. கழுத்து வரைக்கும் மரத்துக்குள் இறங்கிவிடும், மீதிப் பகுதி வெளியே நீண்டு உத்தரத்தைத் தாங்கும். காலப்போக்கில் மரம் கழுத்தைச் சுற்றிப் பருத்து அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நூறு சிறிய ஆணிகள் செய்யும் தீங்கைவிட இந்த ஒரு பெரிய ஆணி செய்யும் தீங்கு மிகக் குறைவு.

இங்கேயும் அந்த முறையைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள். இரண்டு ஆணிகள் அடிமரத்தில். எதிர்ப்புறம் தரையிலிருந்து எழும் இரண்டு இரும்புக் கால்கள். மரத்தை நம்பாமல் கால் கொடுத்திருக்கிறார்களே என்று சிலர் குறைப்படக்கூடும். என் கணக்கில் அது நிதானமான முடிவு. பழைய மரத்தின் உட்புறம் எந்த அளவுக்குப் பொந்து விழுந்திருக்கிறது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கால் அசையாது, மரம் அசையும். இரண்டையும் முறுக்கிப் பூட்டினால் முதல் பெருங்காற்றிலேயே ஏதாவது ஒன்று கிழியும். அதனால் உத்தரங்கள் கால்களின் மேல் பூட்டப்படாமல், ஒரு தொட்டிபோன்ற தாங்கியில் நாலங்குலம் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்ல இடம் விட்டு அமர்ந்திருக்கின்றன. மரம் வளர்ந்தால் அறையும் உயர்ந்துகொண்டே போகாதா என்று என் மனைவி கேட்டார். பலருக்கும் எழும் கேள்விதான். மரம் நுனியில்தான் நீள்கிறது. 20 அடியில் இறங்கிய ஆணி அது நிற்கும் காலமெல்லாம் 20 அடியிலேயே இருக்கும்.

குளியலறையும் தண்ணீர்த் தொட்டியும் மரத்தில் இல்லை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன்; அதைத் தூக்கி மரத்தின் தலையில் வைப்பவர் பொறியாளராக இருக்க முடியாது. அவற்றைப் பக்கத்தில் தனிக்கால்களில் நிறுத்தி, ஒரு குறும்பாலத்தால் அறையோடு சேர்த்திருக்கிறார்கள்.

அறையின் மேற்குச் சாளரத்தில் தெரிவது வள்ளிமலை. இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு உயரத்தில் தங்குவது புதிதன்று என்பதை நினைவூட்ட அந்தக் குன்று ஒன்றே போதும். வேடர் தலைவன் நம்பியின் மகள் வள்ளி, பரண் மேல் நின்று ஆலோலம் பாடித் தினைப்புனம் காத்த மலை என்று ஊர்மக்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். முருகன் அவளிடம் பேசிக்கொண்டிருக்கையில் நம்பி வந்துவிட, முருகன் வேங்கை மரமாக நின்றான் என்பது கதை. நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று வேடர்கள் வெட்ட எழுந்தபோது, மகளுக்கு நிழலாக இருக்கட்டும் என்று நம்பியே தடுத்தானாம். அதே குன்றின் பாறையில் சமணச் சிற்பங்களும், குகையைக் குடைவித்த கங்க மன்னன் ராஜமல்லனின் கல்வெட்டும் இருக்கின்றன. சற்றுத் தொலைவில் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில், மறைந்த அரிஞ்சய சோழனின் நினைவாக முதலாம் இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் நிற்கிறது. கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் இவ்விரண்டையும் தவறவிடுகிறார்கள்.

பரண் கதையோடு முடிந்துவிடவும் இல்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் பன்றிக்கும் யானைக்கும் பயந்து இன்றும் பரண் போட்டுக் காவல் இருக்கிறார்கள். நான்கு கம்பு, குறுக்கே மூங்கில், மேலே கொஞ்சம் வைக்கோல். நான்கு பக்கமும் திறப்பு. அறுவடை முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுவார்கள், கம்பு வேறு வேலைக்குப் போகும். கண்விழித்துப் பார்ப்பதற்காகப் போடப்பட்டது பரண். தூங்குவதற்காக நாங்கள் பணம் கொடுத்து ஏறிய அறைக்கும் அதற்கும் உறவு உண்டு என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வடிவமைத்தவர்கள் பரணிலிருந்து ஒன்றைக் கற்றிருக்கிறார்கள். ஆணிகளைத் தவிர எல்லாப் பகுதிகளையும் திருகுகளைக் கழற்றிப் பிரித்துக் கீழே இறக்கிவிட முடியும். எங்கும் சிமெண்டோ, பற்றவைப்போ மரத்தைத் தொடவில்லை.

உட்புறப் பொருள்களில்தான் இந்த அறையின் தனித்தன்மை வெளிப்படுகிறது. வட ஆற்காட்டில் கிடைக்காத எதையும் கண்ணில் படும் இடத்தில் வைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். கூரையின் கைமரங்கள் பனை. கைகழுவும் கிண்ணமும் விளக்கின் மூடியும் கரிகிரி மண்பாண்டம். திரைகளும் மெத்தை விரிப்பும் குடியாத்தம் கைத்தறி. எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது தோல். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் தொழிலால் வாழும் ஊர்கள் சூழ்ந்த நாடு இது. அதே தொழிலின் குரோமியக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பாழானதும் இங்கேதான். குரோமியத்துக்கு முன்பு ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். அந்தப் பழைய முறையில் பதனிட்ட செம்பழுப்புத் தோலைத் தேடி வாங்கி, படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி முழுவதும் சுற்றித் தைத்திருக்கிறார்கள். வேலூர் வெயிலில் வெற்று இரும்பைத் தொட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். கிளை தரையைத் துளைத்து ஏறும் இடத்தில் சுற்றிலும் நாலங்குல இடைவெளி விட்டு, அதை ஒரு தோல் பாவாடையால் மூடியிருப்பது இன்னும் சிறப்பு. மரம் அசையும்போது தோல் மடிந்து கொடுக்கிறது; பருத்தால் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கூரையில் இதே வேலையைத் தோலால் செய்ய முடியாது, மழைநீர் கிளையோடு வழிந்து இறங்கும் என்பதால் அங்கே ரப்பர் விரிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது என்றும், எண்ணெய் தடவித் துடைத்துத் துடைத்தே கை நோகிறது என்றும் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சொன்னார்.

அந்த அம்மாள் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். இரவு உணவாகக் கேழ்வரகுக் களியும் முள்ளுக் கத்திரிக்காய்க் காரக்குழம்பும் கொண்டுவந்தார். இலவம்பாடிப் பக்கத்து இந்தக் கத்திரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு இறங்கும்போது, படியில் நின்று என் மனைவியிடம், "ஏம்மா, புளியமரத்து மேல ராத்திரி தங்குறதுக்கு உங்களுக்கு இன்னா தைரியம்? எங்க வூட்டுல சொன்னா சிரிக்கிறாங்க" என்றார். புளியமரத்தில் முனி இருக்கும் என்பதும், அதன் அடியில் உறங்கக் கூடாது என்பதும் நாங்களும் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவைதான். இரவில் மரங்கள் கரியமில வாயுவை வெளிவிடுவதால்தான் முன்னோர் அப்படிச் சொன்னார்கள் என்று இதற்கு அறிவியல் முலாம் பூசுவோர் உண்டு. எல்லா மரங்களும் இரவில் மூச்சுவிடுகின்றன. ஆனால் திறந்த வெளியில் அந்த அளவு உறங்குபவரை ஒன்றும் செய்யாது. மூடிய அறையில் பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் மூச்சுதான் அதைவிடக் கணக்கில் வரும்.

இருட்டியதும் புளியின் இலைகள் கூம்பிவிட, பகலில் பச்சையாக மூடியிருந்த மேற்கூரைச் சாளரம் திறந்துகொண்டு விண்மீன்கள் தெரிந்தன. புள்ளி ஆந்தைகள் இரண்டு அடுத்த மரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தை கடைசி என்பதால் முற்றிய பழங்கள் உதிரும் காலம். தகரக் கூரையின் மேல் ஒவ்வொன்றும் விழும் ஓசை முதலில் திடுக்கிட வைத்தது. நள்ளிரவுக்குப் பின் காற்று எழுந்தபோது அறை அசைந்தது. காட்பாடி நிலையத்தில் நிற்கும் வண்டியில் படுத்திருக்கையில், அடுத்த தண்டவாளத்தில் மற்றொரு வண்டி விரைந்து கடந்தால் பெட்டி மெல்லக் குலுங்கி அடங்குமே, அந்த அளவுதான். அந்த அசைவு எனக்கு ஆறுதலாக இருந்தது. தாங்கிகள் வழுக்குகின்றன, எதுவும் இறுகிப் போகவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. என் மனைவிக்கு இந்த விளக்கம் ஆறுதல் தரவில்லை.

மறுநாள் வேலூர்க் கோட்டைக்குப் போனோம். பதினாறாம் நூற்றாண்டின் கருங்கல் மதில், அகழி, 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுச்சி செய்த முற்றம் ஆகியவற்றைப் பலமுறை பார்த்திருந்தாலும், இம்முறை என் கண் வேறிடத்துக்குப் போயிற்று. கல் இடுக்குகளில் பறவைகளின் எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்றுகளும் ஆலங்கன்றுகளும் தலைகாட்டிக்கொண்டிருந்தன. இவற்றை விட்டுவைத்தால் வேர் பருத்து, மதிலின் பெருங்கல்லையும் நெம்பித் தள்ளிவிடும் என்பதால் பழைய கட்டடங்களைப் பேணுவோர் தொடர்ந்து களைந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மரத்தின் பருமன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் கூடுகிறது, ஆனால் அதை எந்தக் கட்டுமானமும் தடுத்து நிறுத்த முடியாது. இடம் விட்டால்தான் பிழைக்கும். தோல் பாவாடையும் நாலங்குல வழுக்கலும் அந்த இடம்தான்.

இனிக் குறைகள். மேற்குச் சுவர் முழுவதும் ஒரே கண்ணாடி. வள்ளிமலைக்குப் பின்னால் கதிரவன் இறங்குவதைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம் என்று இணையப் படங்களில் காட்டுவது அந்தக் கண்ணாடியைத்தான். தையிலேயே பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அறையில் உட்கார முடியவில்லை. 40 பாகையைத் தாண்டும் கத்திரி வெயிலில் அங்கே என்ன நடக்கும் என்று எண்ணவே வேர்க்கிறது. இந்த ஊரில் மேற்கே கண்ணாடி வைப்பது, உள்ளே இருப்பவருக்காகச் செய்ததல்ல, படமெடுப்பவருக்காகச் செய்தது. அது பறவைகளுக்கும் பொறி. நாங்கள் இருந்தபோதே ஒரு கொண்டைக்குருவி மோதிக் கீழே விழுந்து, வெகுநேரம் கழித்து எழுந்து பறந்தது. சுவீடனில் ஹாராட்ஸ் என்னும் சிற்றூரில் 2010-இல் தொடங்கிய மர விடுதியில் நான்கு பக்கமும் முகம்பார்க்கும் கண்ணாடியாலான ஒரு கனசதுர அறை உண்டு. அதைக் கட்டியவர்கள் பறவைகளின் கண்ணுக்கு மட்டும் தெரியும் புறஊதா ஏட்டைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள். அதே விடுதியில் 2022-இல் திறந்த மற்றோர் அறையைச் சுற்றிச் சுமார் 350 பறவைக் கூடுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அவ்வளவு வேண்டாம், வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால் வெயிலும் தணியும், குருவியும் பிழைக்கும்.

குறும்பாலத்தின் நடுவில் திறந்தவெளிக் குளியல் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதில் குரங்குகள் மட்டும் குளிப்பதைக் கண்டேன்.

இந்த அறை மாசி, பங்குனியில் யாருக்கும் வாடகைக்குக் கிடைக்காது. புளி உலுக்கும் மாதங்கள் அவை. மரத்தின் காய்ப்பை ஆண்டுதோறும் ஒரு குடும்பம் குத்தகை எடுக்கிறது. அந்த உரிமை அறை கட்டப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்து வருகிறது. உலுக்குபவர்கள் கூரைமேல் ஏறி நின்று கிளைகளை ஆட்டுவதற்காகவே தகரத்துக்கு மேல் ஒரு பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். நான் அதை முதலில் அலங்காரம் என்றே எண்ணினேன். விடுமுறைக்கு முந்தைய நல்ல மாதங்களில் வருமானத்தை விட்டுவிடுகிறீர்களே என்று உரிமையாளரிடம் கேட்டபோது, மரம் குத்தகைக்காரருடையது, அறை மட்டுந்தான் தம்முடையது என்றார். வடிவமைப்புக்கு விருது கொடுக்கும் குழு எதுவும் இந்தப் பலகையைக் கவனிக்கப்போவதில்லை. ஆனால் இந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் அதையே சொல்வேன்.

புறப்படும் முன் அவரிடம் என் தொழில்முறைக் கவலையையும் சொன்னேன். பனை, தோல், துணி என்று எரியக்கூடிய பொருள்களாலான அறைக்கு ஏறவும் இறங்கவும் ஒரே படிதான் இருக்கிறது. இரண்டாவது வழி கட்டாயம் வேண்டும். கட்டடக்கலைஞர்கள் இன்னொரு படி வைத்தால் தோற்றம் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்களாம். கொஞ்ச நேரம் யோசித்தபின், உலுக்குபவர்கள் பலகைக்கு ஏறுவதற்கு எப்படியும் பின்பக்கம் ஏணி சாத்துகிறார்கள், அதை இந்த ஆண்டு முதல் எடுக்காமல் அங்கேயே கட்டிவைத்துவிடுகிறேன் என்றார். ஏணியின் தலையை மரத்தோடு கட்டாமல் உத்தரத்தோடு கட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.